கெல்ட்டு மாமு வளைத்த வாள்

வடசென்னையில் ரோமானியர்கள் மேல் தீராத பகை கொண்ட ஒரே மனிதர் எங்கள் கெல்ட்டு மாமுதான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பழங்கால ஐரோப்பாவில் இரும்பு வேலையில் கெட்டிக்காரர்களாக இருந்து, ரோமானியர்களிடம் நாட்டைப் பறிகொடுத்த கெல்ட்டு இனத்தாரைப் பற்றிச் செல்போனில் வீடியோ பார்த்தார். அன்றே பைத்தியம் பிடித்துவிட்டது. அந்த வீரர்கள் தலையில் சுண்ணாம்பு தடவி முடியை விறைப்பாக நிறுத்துவார்களாம். மாமுவும் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். யாரோ என்று பயந்து மனைவி கதவைத் திறக்கவில்லை.

ராயபுரம் கோயிலில் புனித வெள்ளி நாடகத்துக்கு, ரோமானியச் சிப்பாய்க்கு இரும்பு வளையங்கள் கோத்த சங்கிலிச் சட்டை செய்து தரும்படி ஃபாதர் கேட்டார்.

"அத்த கண்டுபுடிச்சதே எங்க ஆளுங்க ஃபாதர். ரோமாக்காரன் சுட்டுக்கினு போய் மாட்டிக்கினான். அவனுக்கு நான் செய்ய மாட்டேன்."

"உங்க ஆளா? நீ தண்டையார்பேட்டைதானேப்பா?"

"பொறந்தது அங்கதான்" என்றார் மாமு, அரைமனதாக.

அவர் உயிரெல்லாம் பட்டறைச் சுவரில் தொங்கிய ஒரு வாளில் இருந்தது. லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து அவரே செய்தது. பிடி முழுக்கச் சுருள் சுருளாக வேலைப்பாடு. சினிமாக்காரர்கள் கேட்டும் தரவில்லை. பக்கத்து எடைமேடையில் வேலை பார்க்கும் நான் தினமும் அவரோடு டீ குடிப்பவன். என்னைக்கூடத் தொட விடமாட்டார்.

"கெல்ட்டுக்காரன் வேண்டிக்கினா, இருக்கிறதுலயே நல்ல கத்திய தண்ணிக்குக் குடுத்துடுவான். போடறதுக்கு முன்னால வளச்சிடுவான்."

"ஏன் மாமு?"

"நேரா இருந்தா நாளைக்கு நாமளே போய் எடுத்தாந்துடுவோம் நைனா. மனசு அப்டி."

போன வருஷம் எனக்கு இதயத்தில் ஆபரேஷன். பிழைப்பேனா என்று டாக்டருக்கே சந்தேகம். மார்க்கெட்டே திரண்டு வந்து பார்த்தது. மாமு மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபமான கோபம்.

தேறியதும் இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பட்டறைக்குப் போனேன். அங்கே முகத்துவாரக்குப்பத்து மீனவர் ஒருவர், வளைந்த இரும்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீ போட்டத நானே பாத்தேன். மறுபடியும் வலையில மாட்டிக்கினு வந்துச்சு. வலை பூரா பீஸ் பீஸா கீது. இத்த போட உனுக்கு எங்க முகத்துவாரந்தான் கெடச்சுதா?"

சுவரைப் பார்த்தேன். வெறும் ஆணிதான் இருந்தது.

"வலைக்கு நான் ஆச்சு" என்றார் மாமு. "ஆனா அத்த இங்க வெச்சிட்டுப் போவாத. குடுத்தத திரும்ப வாங்குனா இவனுக்கு ஆவாது."

மீனவர் திரும்பி என்னைப் பார்த்தார். சட்டைக்கு மேலே தெரிந்த தையலைப் பார்த்தார். பிறகு வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சரி வுடு. நானே வெளிக்கடல்ல ஆழமா போட்டுட்றேன்."

அவர் போனபின், ஆஸ்பத்திரிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். அதற்குள் கோபமெல்லாம் போயிருந்தது.

"உன்ன அப்டி பாக்க எனுக்கு தெகிரியம் இல்ல நைனா."

இப்போதெல்லாம் மாமு லேசாக இருமினாலே, தண்ணிக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று எனக்குப் பதறுகிறது.