இடைக்கதவுக் கீலுக்கு நான் கிரீஸ் போட்ட விவரம்

அம்பாசமுத்திரம்,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

தோஹாவில் இருக்கும் என் மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் நாசர் அவர்களுக்கு, தங்கள் மனைவி மும்தாஜ் பேகத்தின் கூடப்பிறந்த அண்ணனும், பொதுப்பணித்துறையில் மதகு பார்த்து ஓய்வு பெற்றவனுமாகிய அகமது மீரான் ஸலாம் சொல்லி எழுதுவது. வல்ல அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகமாகவே இருக்கிறோம். உடம்பைத் தவிர வேறொன்றும் சுகமில்லை. அதை விவரிக்கவே இக்கடிதம்.

கையில் போன் இருக்க இவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் எனக்குச் சரியாகக் கேட்காது என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். நான் பேசினால் என் மனைவி மைதீன் பாத்திமா ஒரு பக்கமும், மும்தாஜ் மறுபக்கமும் கேட்பார்கள், பிறகு தெருவே கேட்கும். ஆகவே நாளை விமானம் ஏறும் காஜா முகைதீன் மகன் ரசீத் கையில், மும்தாஜ் உங்களுக்குக் கொடுத்துவிடும் மிளகாய்ப்பொடிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்து இதை அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் இதுதான். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைக்கதவை எடுத்துவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைக்கப் போகிறார்கள். அடைக்கச் சொன்னது உங்கள் மனைவி. என் மனைவியும்தான் சொன்னாள். ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி இசக்கிமுருகன் கொத்தனாரிடம் போய்ச் சொல்லி, அவர் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, ஒரே சுவத்துக்கு ரெண்டு பேரு வேலை சொல்லியிருக்காக, நான் எந்தப் பக்கம் நின்னு பூச?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நம்ம தெருவில் வீட்டுக்கு வீடு இடைக்கதவு உண்டு. பெண்கள் வெளியே கால் வைக்காமலே முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் போய் வந்துவிடலாம். எங்கள் வாப்பா வீட்டை ரெண்டாக்கித் தெற்குப் பாதியை மும்தாஜுக்குக் கொடுத்தபோது, நடுவில் சுவர் எழுப்பி அதில் இந்தக் கதவை வைத்தார்கள். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்க என்று கேட்ட ஆசாரியிடம், "தாழ்ப்பாள் வேணும்னா கதவு எதுக்கு வே?" என்றார்களாம். கீல் ரெண்டும் மும்தாஜ் பக்கம், இழுத்துச் சாத்துகிற வளையம் எங்கள் பக்கம். வைத்த நாளிலிருந்தே அந்தக் கீல் கத்தும். ஆற்றுக் காற்றும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் இன்னும் கூடக் கத்தும். நீங்கள் புது மாப்பிள்ளையாக வந்த மறுநாள் காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டு, யாரோ விழுந்துட்டாங்க என்று பாயிலிருந்து எழுந்து ஓடி வந்தீர்களே, நினைவிருக்கிறதா? உம்மா ஒரு கையில் வட்டலப்பத்தோடு நின்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

சத்தத்தை வைத்தே யார் வாறாங்கன்னு சொல்லிடலாம். மைதீன் பாத்திமா வந்தா சட்டுனு ஒரு கீச்சு. மும்தாஜ் பைய தள்ளுவா, அதனால நீளமா இழுக்கும். உங்க மகள் தஸ்மியா சின்னப்பிள்ளையில அதுல தொங்கி ஆடுவா, அப்ப அது அழும். கதவு கத்துனா பொம்பளைங்க முக்காட்டை இழுத்துக்கிடுவாங்க, நான் பீடியை அணைச்சிடுவேன், மும்தாஜ் சீரியலை நிறுத்திட்டு ஓதுற யாஸீன் கிதாபை எடுத்து வச்சிக்கிடுவா. வாப்பா கடைசிக் காலத்துல உங்க பக்கம்தான் படுத்திருந்தாங்க. கண்ணு தெரியாமப் போன பிறகும் கதவு கத்துனதும், "மீரானா? வாலே"ன்னு சொல்லுவாங்க. நான் பக்கத்துல போய் உக்கார்ந்து ஆத்துல தண்ணி எவ்வளவு போகுதுன்னு சொல்லுவேன். அதைக் கேட்டுட்டுத்தான் கஞ்சி குடிப்பாங்க.

இப்படி இருந்த கதவை நான் சும்மா விட்டிருக்கணும். ஓய்வு பெற்றவனுக்குக் கை சும்மா இருக்காது மச்சான். மதகு ஷட்டருக்குக் காலமெல்லாம் கிரீஸ் போட்ட கை. ஒரு டப்பா கிரீஸ் வாங்கினேன். என் சொந்தப் பணத்தில் கடையில் வாங்கினது, ஆபீஸ் சொத்து இல்லை. முதலில் வாசல் கேட்டுக்குப் போட்டேன், அப்புறம் மும்தாஜ் தையல் மிஷினுக்கு, அப்புறம் பீரோவுக்கு. என் முழங்கால் கீலும் கத்துது, தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லுதாரு. அதுக்குப் போட வழியில்லை, போட்டிருப்பேன். மும்தாஜ் தச்சநல்லூர் கல்யாண வீட்டுக்குப் போன அன்னைக்கு இடைக்கதவைப் பிடிச்சேன். துருவைச் சுரண்டி, துடைச்சு, விரலால உள்ள வரைக்கும் கிரீஸை ஏத்தினேன். கதவு வெண்ணெய் மாதிரி போச்சு. மைதீன் பாத்திமாவைக் கூப்பிட்டு ஆட்டிக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. ஒருத்தரும் பாராட்டலையேன்னு எனக்கு அன்னைக்கு வருத்தம்.

முதல் அடி எனக்கே விழுந்தது. மறுநாள் பேப்பரைத் தேடி, பனியனும் மடிச்சுக் கட்டின சாரமுமா, தோள்ல துண்டோட கதவைத் தள்ளிட்டு உங்க வீட்டுப் பட்டாசாலைக்குப் போயிட்டேன். அங்கன மவ்லூது ஓதி முடிச்சு, தெருப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் வேர்வைக்கு முக்காட்டை இறக்கிவிட்டு விசிறிக்கிட்டு இருக்காங்க. கதவு கத்தியிருந்தா அவங்க மூடியிருப்பாங்க, நானும் நின்னிருப்பேன். யார் மூடணும்னு அந்த நேரத்துல எனக்குப் புரியல. பதட்டத்துல துண்டை எடுத்து நான் முக்காடு போட்டுக்கிட்டேன். போட்டதும் வழி தெரியாம சுவத்துல முட்டினேன். இப்ப வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனா ஆம்பளைங்க என் தலையைப் பார்த்துத்தான் சிரிக்காங்க.

அதுக்கப்புறம் காத்துக்கெல்லாம் கதவு தானா திறக்க ஆரம்பிச்சுது. உங்க வீட்டுப் பூனை வந்து எங்க வீட்டு மீனைத் தின்னுச்சு. அதைக்கூட மைதீன் பாத்திமா மனசுல வைக்கல. போன வாரம் நடந்ததுதான் பெருசு. அவ வழக்கம்போல சோத்துக்கு ஊத்திக்கிட ஒரு கிண்ணம் ஆணத்தை எடுத்துட்டுப் போயிருக்கா. கதவு சத்தம் போடல. மும்தாஜ் முதுகைக் காட்டி உக்கார்ந்து போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பேசிட்டு இருக்கா. "மைனி ஆணத்துல உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல, நம்ம முருங்கைக்கு ஊத்தி ஊத்தித்தான் அது இப்படிக் காய்க்குது"ன்னு சொல்லுதா. போன்ல அந்தப் பக்கத்துல ஒரு ஆம்பளை விழுந்து விழுந்து சிரிக்கான். அது நீங்கதான் மச்சான். மறுக்காதீங்க, என் வீட்டுக்காரிக்கு உங்க சிரிப்பு தெரியும்.

அவ கிண்ணத்தை வாசப்படியில வச்சுட்டுத் திரும்பி வந்து கட்டில்ல உக்கார்ந்தா. என்னைப் பார்த்து, "அந்த மரத்து முருங்கைக்காயத்தான மும்தாஜ் எனக்குக் கொடுப்பா, அதைத்தான நான் ஆணத்துல போட்டுத் திரும்ப அங்கனயே கொடுத்தேன்"னு சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அதுதான் நான் செஞ்ச அடுத்த தப்பு. அன்னைக்கே அரிசி டிரம்மை உருட்டிட்டு வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டா. மும்தாஜ் அந்தப் பக்கம் தையல் மிஷினை இழுத்துப் போட்டுட்டா. இப்ப தஸ்மியா எனக்குப் பேப்பர் கொண்டுவரணும்னா தெருவழியா சுத்தி வாறா. அடைக்கிறதுன்னு முடிவான பிறகு, கழட்டுற கதவு யாருக்குன்னு அடுத்த சண்டை. கீலு என் பக்கம், கதவு எனக்குன்னு உங்க பொஞ்சாதி சொல்லுதா. வளையம் எங்க பக்கம்னு இவ சொல்லுதா. கொத்தனார் என்னைப் பார்க்காரு, நான் வானத்தைப் பார்க்கேன்.

நான் கையைக் கட்டிட்டு இருக்கல மச்சான். மண்ணெண்ணெய் ஊத்திக் கிரீஸைக் கழுவினேன், சோப்புத் தண்ணி அடிச்சேன், உப்பைத் தூவினேன், ஆத்து மணலைக் கூடப் போட்டேன். கத்தல. நேத்து மத்தியானம் வேற வழியில்லாம டிரம்மை நகர்த்திட்டு, கதவை அந்தப் பக்கத்து மிஷின்ல இடிக்கிற வரைக்கும் திறந்து, நானே வாயால 'கீச்சு'ன்னு மைதீன் பாத்திமா மாதிரி ஒரு சத்தம் கொடுத்தேன். அந்தப் பக்கத்துல இருந்து உடனே, "வாங்க மைனி"ன்னு மும்தாஜ் சொல்லிட்டா. சொன்ன பிறகுதான் அவளுக்கு நினைவு வந்திருக்கு. அப்புறம் மூக்கைச் சிந்துற சத்தம் கேட்டுச்சு. நான் பைய கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். இத்தனை வருஷமா ரெண்டு பேரும் அடுத்தவளைப் பத்திப் பேசாம இருந்தாங்கன்னு நினைச்சீங்களா? பேசத்தான் செஞ்சாங்க. பேச்சை மாத்துறதுக்கு அந்தக் கீலு நேரம் கொடுத்துது, அவ்வளவுதான். அந்த நேரத்தை நான் தொடைச்சு எடுத்துட்டேன்.

ஆகவே மச்சான் அவர்கள் தயவுசெய்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் மும்தாஜுக்குப் போன் செய்து, தெற்குப் பாதி உங்களுக்கும் சேர்ந்தது, அந்த வாசலை அடைக்க உங்களுக்குச் சம்மதமில்லை என்று கண்டிப்பாகச் சொல்லவும். அடுத்து மைதீன் பாத்திமாவைக் கூப்பிட்டு, நீங்கள் சிரித்தது வேறு எதற்கோ என்று சொல்லவும். எதற்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளவும். உங்க பேச்சுன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க, என் பேச்சு செல்லாது. எனக்கு அந்தக் கதவு வேணும் மச்சான். அதை அடைச்சுட்டா என் தங்கச்சியைப் பார்க்க நான் செருப்பு மாட்டித் தெருவுல இறங்கி, அவ வாசல்ல நின்னு காலிங் பெல் அடிக்கணும். விருந்தாளி மாதிரி அங்கன நிக்க என்னால முடியாது.

அங்கே வெயிலில் அலையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். உங்கள் உழைப்பிலும் ஆயுளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. தஸ்மியாவுக்கு நல்ல இடம் அமைய இங்கே ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறோம், இப்போதைக்குத் தனித்தனியாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
அகமது மீரான்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. ரசீத் வாசலில் நிற்கிறான், ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். நேத்து சாயங்காலமே கொத்தனார் இசக்கிமுருகன் வந்து, கீலை இப்பவே கழட்டிப் போட்டா ஞாயிற்றுக்கிழமை வேலை லேசா இருக்கும்னு, கதவைக் கழட்டிச் சுவத்துல சாத்தி வச்சுட்டுப் போயிட்டாரு. சாத்திக்கிட கதவு இல்லாததால ரெண்டு பேரும் நேருக்கு நேரா பார்த்துக்கிட்டாங்க. மஃரிப் பாங்கு வரைக்கும் ஒருத்தியை ஒருத்தி பேசின பேச்சை நான் எழுத முடியாது. உங்க கல்யாணத்துல இருந்து ஆரம்பிச்சாங்க. அப்புறம் அழுதாங்க. அப்புறம் ஒரே சட்டியில சோறு பிசைஞ்சு தின்னாங்க, என்னைக் கூப்பிடல. கொத்தனாரை வர வேண்டாம்னு சொல்லியாச்சு, கதவும் வேண்டாமாம், வாசல் அப்படியே திறந்து கிடக்கட்டுமாம். கடைசியில எல்லாத்துக்கும் காரணம் போன்ல சிரிச்ச ஆளுதான்னு ரெண்டு பேரும் ஒத்துமையா முடிவு பண்ணியிருக்காங்க. போன்ல நீங்க என்ன சொன்னாலும் எடுபடாது. பெருநாளைக்கு நேர்ல வந்து ரெண்டு பேரு வைக்கிற ஆணத்தையும் அந்த வாசல்ல உக்கார்ந்து தின்னுட்டு, எது நல்லாருக்குன்னு ரெண்டு பேரு முன்னாலயும் சொல்லணுமாம். மும்தாஜ் போன் போட்டா, டிக்கெட் எடுத்துட்டேன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை பேசாதீங்க. நீங்க ஊருக்கு வந்துட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆகப் போகுது, எப்படியும் உங்களை இங்க வரவச்சிடணும்னுதான் ரெண்டு பேரும் இப்படிச் சண்டை போட்டாங்களோன்னு எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு.