சிலோன் அண்ணாச்சியின் பள்ளிக்கூட மேட்ச்

பிள்ளைகளே, இந்தியாவும் இலங்கையும் கிரிக்கெட் ஆடும்போது குறட்டை விட்டுத் தூங்கக்கூடிய ஒரே இந்தியர் எங்கள் சிலோன் அண்ணாச்சிதான். அந்த இரண்டு நாடும் பள்ளிப்படிப்பில் மோதினால்தான் அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் சீருடைப் பிரிவில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். ஆள் திருநெல்வேலி. சிலோனைப் பார்த்ததே இல்லை. தங்கையைக் கொழும்பில் கட்டிக்கொடுத்திருந்தார், அவ்வளவுதான். டீ நேரத்தில் அந்த மாப்பிள்ளை போனில் வருவார். ஸ்பீக்கரைப் போட்டதும் யுத்தம்.

"மச்சான், உங்கட தாத்தா மாடு மேய்க்கேக்க எங்கட தாத்தா பள்ளிக்கூடத்தில இருந்தவர்!"

"அது அந்தக் காலம் மாப்ளே! இப்ப இங்க சேராத பிள்ளை உண்டுமா?"

"சேருறது சரி மச்சான். முடிக்கிறது எத்தனை பேர்?"

இந்த இடத்தில் அண்ணாச்சிக்கு டீ புரையேறும். எனக்கும் படிப்பு கொஞ்சம்தான், புரிந்தவரை சொல்கிறேன். சேர்வது என்றால் மட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்குவது. முடிப்பது என்றால் கடைசிப் பந்துவரை அவுட் ஆகாமல் நிற்பது. முன்பு நாம் இறங்கவே யோசித்தோம். இப்போது அநேகமாக எல்லோரும் இறங்கிவிட்டோம். நடுவில் அவுட் ஆகிறவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆனாலும் இலங்கை முன்னால் நிற்கிறது. அண்ணாச்சிக்கு அதுதான் சோறு இறங்காத வருத்தம்.

அதனால் சீருடை வாங்க வருகிறவர்களை நிறுத்தி விசாரிப்பார். ஒருநாள் சைதாப்பேட்டை ஆட்டோக்காரர் ஒருவர் மகளோடு வந்தார்.

"பாப்பாவ எதுவரைக்கும் படிக்க வைக்கப்போறீரு?"

"பத்தாவது வரிக்கும்."

"வரைக்கும்னா? பத்தாவது உள்ளயே நின்னுடவா, பாஸாகி வெளிய வரவா?"

"இன்னா நைனா, துணி கேட்டா வக்கீலு மாதிரி மடக்குற? நீ எத்தினி படிச்சே?"

"பத்தாவது... வரைக்கும்."

"உள்ளயா வெளியவா அங்கிள்?" என்றது அந்தப் பெண்.

பிரிவே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. அடுத்த வாரமே தனித்தேர்வராகப் பத்தாவது எழுத விண்ணப்பித்துவிட்டார். "நம்மால இந்தியாவுக்கு ஒண்ணாவது கூடட்டும்வே!"

அதற்குப் பிறகு அவர் அல்ஜீப்ரா படிக்க, எங்கள் பாடு திண்டாட்டம். ஒரு பையனுக்கு அளவெடுத்துவிட்டு, "இடுப்பு எக்ஸ், நீளம் எக்ஸ் கூட்டல் நாலு!" என்று கத்தினார். வந்த டவுசரில் அந்தப் பையனோடு அவன் அப்பாவும் நுழையலாம்.

ரிசல்ட் வந்த அன்று பார்க்கப் பயந்து போனை என்னிடம் நீட்டினார். பாஸ்! கணக்கில் மட்டும் மயிரிழையில். உடனே கொழும்புக்கு அடித்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"மாப்ளே! எங்க பக்கம் ஒண்ணு கூடிட்டு!"

அந்தப் பக்கம் மெதுவாக, "மச்சான், நான் ஒம்பதாம் வகுப்போட கடை வேலைக்கு வந்தனான். ஓ.எல் எழுதவே இல்ல" என்றது குரல். நம் பத்தாவதுபோல அங்கே ஓ.எல்.

அண்ணாச்சி சட்டென்று ஸ்பீக்கரை அணைத்தார். சீருடை அடுக்குக்குப் பின்னால் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார்.

"ஜெயிச்சிட்டு ஏன் அண்ணாச்சி மூஞ்சி இப்படி?" என்றேன்.

"ஓ.எல் எழுதப்போற மாப்ளைக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்க அங்க ஆள் இல்லைவே."

அப்படித்தான் சிலோன் அண்ணாச்சி முதல்முறையாக சிலோனுக்குப் போனார். எதிரணிக்கு ரன் சேர்க்கப் போன முதல் ஆட்டக்காரர் அவராகத்தான் இருக்கும். தங்கை விடவில்லை, அங்கேயே தங்கிவிட்டார்.

ஜூன் மாதம் வந்தால் எங்கள் பிரிவில் நிற்க இடமிருக்காது. அந்த நெரிசலிலும் எனக்கு ஓர் ஆள் குறைகிற மாதிரியே இருக்கிறது.