ஐந்நூறு மீட்டரில் ஒரு ‘ணங்’

விர்ஜில் டாஃப்ட் விசையை அழுத்தினான். துப்பாக்கி முழங்கியது. வெள்ளைப் புகை கண்ணை மறைத்தது. ஐந்நூறு மீட்டருக்கு அப்பால், மலையடிவாரத்தில், எல்லாருக்கும் பொதுவாகத் தொங்கிய இரும்புத் தகட்டிலிருந்து ‘ணங்’ என்று சத்தம் வரவேண்டும். வரவில்லை.

“சனிக்கிழமை போட்டி, விர்ஜில். நம்ம குழுவுக்கு நாலாவது ஆள் இன்னும் முடிவாகல” என்றார் குழுத்தலைவர் எர்ல்.

எத்தனையோ வருஷமாக அந்த நாலாவது இடத்துக்குத்தான் விர்ஜில் ஏங்கிக்கொண்டிருந்தான்.

“குறி சரியாத்தான் இருக்கு எர்ல். வெடிமருந்துதான் பத்தல!”

எங்கள் மொன்டானாவில் பழைய காலத்துக் கருமருந்துத் துப்பாக்கி வைத்திருப்பவன் கடைத் தோட்டாவைத் தொடமாட்டான், தானே செய்துகொள்வான். அன்று சாயங்காலமே விர்ஜில் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டான். நீளக் குழாய் வழியே பித்தளைக் குப்பிகளில் மருந்தைச் சொரிந்து, மேலே ஈயக் குண்டைப் பொருத்தினான்.

மறுநாள் சுட்டான். புகை. அமைதி. பிறகு, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரத்தில், ‘ணங்’!

விர்ஜிலுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வீட்டு அடுப்பில் உருக்கிய ஈயம் அவ்வளவு தூரம் போய் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. கண்கூடத் தளும்பிவிட்டது.

ஆனால் அடுத்த குண்டுக்குச் சத்தமில்லை.

மருந்தைக் கூட்டினான். வெடிச்சத்தமும் கூடியது, துப்பாக்கி உதைத்துத் தோள்பட்டை கன்றிப்போனது. குண்டுக்குத் தடவும் மெழுகில் ஆட்டுக்கொழுப்பு சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று, மனைவி டார்லீனின் சூப்புச் சட்டியில் காய்ச்சினான்.

“இனிமே இதுல சூப்பு வச்சா வெடிக்குமா?” என்றாள் டார்லீன்.

“வெடிக்காது. கொஞ்சம் நாறும்.”

அன்றிரவு டார்லீன் சமைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விர்ஜில் சுட்டபோது எழுந்த புகையில் பக்கத்தில் இருந்தவர்கள் இருமிக்கொண்டே ஓடினார்கள். தெல்மா பாக்கன் மட்டும் நகரவில்லை. வட்டாரத்திலேயே குறி தப்பாதவள். வாய் திறந்து பேசுவதுதான் அபூர்வம். அந்த வாரம் முழுக்க அவனுக்குப் பக்கத்திலேயே படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். சுடுபவர்களின் வரிசை முழுக்க வெடிச்சத்தம். அதற்கு நடுவே, விர்ஜில் விசையைத் தொடும்போதெல்லாம், ‘ணங்’, ‘ணங்’, ‘ணங்’!

எர்ல் வந்து தோளில் தட்டினார். கன்றிய தோள்.

“நாலாவது ஆள் நீதான்யா. உன்னைச் சேத்தாத்தான் வருவேன்னு தெல்மா ஒத்தக் கால்ல நிக்கிறா.”

விர்ஜில் மலைத்துப்போய், தெல்மாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

“அக்கா, நீங்களே சொல்லிட்டீங்க, இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? என் தோட்டாவுல அப்படி என்ன பிடிச்சுது?”

“புகைதான்ப்பா” என்றாள் தெல்மா. “அது சாயறத வச்சுத்தானே காத்தக் கணிச்சு நான் தகட்டை அடிக்கிறேன். நாளைக்கு மருந்த மட்டும் நெறையப் போட்டுட்டு வா, குண்டு வைக்கலன்னாலும் பரவால்ல.”