நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் என் இங்கிலீஷும்

எனக்கு இன்றைக்கும் இங்கிலீஷில் ஒரு ஆளை ஒழுங்காக நலம் விசாரிக்க வராது. ஆனால் நன்றாக ஓடுகிற ஒரு கம்பெனியை இங்கிலீஷிலேயே திவாலாக்கத் தெரியும். நாலு நிமிடம் போதும். ஒரு தடவை செய்தும் காட்டியிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பில் போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்தேன். எங்கள் வாத்தியார் கறாரான ஆள். "வேலைக்கும் காசுக்கும் உதவாத இங்கிலீஷ் எதுக்கு?" என்று சொல்லி, வேலை, பணம் சம்பந்தப்பட்ட சொற்களாகவே ஒரு நோட்டு நிறைய எழுத வைத்தார். வேஜஸ், ஓவர்டைம், மார்ஜின், டெஃபிசிட், லயபிலிட்டி. அத்தனையும் எனக்கு மனப்பாடம். பேசிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. (டவுன் பஸ் கண்டக்டரிடம் "பேலன்ஸ் அமௌண்ட் ப்ளீஸ்" என்று கேட்டு, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார்.)

எங்கள் கம்பெனியில் நாற்பது பெண்கள் காயத்துக்குக் கட்டுப் போடும் காஸ் துணி மடிக்கிறவர்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி. அப்போது ஆர்டர் குறைவு. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. டென்மார்க்கிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்க்கப் போகிறார், அவருடைய ஆர்டர் கிடைத்தால் ஆறு நாளும் வேலை என்று முதலாளி சொல்லியிருந்தார். மடிக்கிற மேஜைகளில் பத்து நாளாக அதே பேச்சுதான்.

அவர் வந்த அன்று, இங்கிலீஷ் பேச வேண்டிய ஏஜெண்டுக்குக் காய்ச்சல். முதலாளி என் மேஜைக்கு வந்தார்.

"தாயி, நீ இங்கிலீஷ் படிக்கியாமே? செத்த நேரம் உள்ள வந்து பேசு."

அன்றைக்கு நான் நடந்து போன மிடுக்கைப் பார்த்திருந்தால், கம்பெனியே என்னுடையது என்று நினைத்திருப்பீர்கள்.

டென்மார்க்காரர் சாம்பிளையெல்லாம் பார்த்து, தரம் பிடித்திருக்கிறது என்றார். பிறகு, விலையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார். முதலாளி கையை விரித்தார்.

"இப்பவே லாஸ்லதான் ஓடுதுன்னு சொல்லு தாயி."

எங்கள் பக்கத்தில் இது கணக்கு விவரம் இல்லை, ஒரு மரியாதை. வியாபாரம் எப்படி என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் லாபம் என்று வாய் திறக்க மாட்டார். கண்ணு பட்டுவிடும். பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள்தான் நான். ஆனால் அந்த நேரத்தில் என் மனக்கண்ணில் தெரிந்தது நோட்டு மட்டும்தான்.

"சார், வி ஆர் ரன்னிங் இன் ஃபுல் லாஸ். நோ மார்ஜின். ஹெவி டெஃபிசிட். மெனி லயபிலிட்டி" என்று ஆரம்பித்தேன். லயபிலிட்டியை முதலாளி சொல்லவே இல்லை. அது என்னுடைய அன்பளிப்பு.

டென்மார்க்காரர் முகம் மாறியது. தொழிலாளர்களுக்குச் சம்பளம் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

"கைக்காசப் போட்டுத்தான் கொடுக்கேன்னு சொல்லு" என்றார் முதலாளி. சொன்னேன்.

இன்னும் எத்தனை மாதம் இப்படி ஓட்ட முடியும் என்று கேட்டார்.

"ஆண்டவன் விட்ட வழின்னு சொல்லு."

"ஒன்லி காட் நோஸ், சார்" என்றேன், மேலே கை காட்டி.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஃபைலை மூடினார். இந்த நிலைமையில் இருக்கும் கம்பெனியை நம்பி ஆர்டர் கொடுத்தால், சரக்கு பாதியில் நின்றுபோய் ஆஸ்பத்திரிகள் தவித்துப்போகும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கை கொடுத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

"என்ன தாயி, விலைக்கு ஒத்துக்கிட்டாரா?"

"இல்ல மொதலாளி. நாம திவாலாயிட்டோம்னு வருத்தப்பட்டுட்டுப் போறாரு."

"திவாலா? யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. நான் இங்கிலீஷ்ல சொன்னேன்."

ஜன்னல் வழியாக அம்மா என்னைப் பார்த்து, முடிந்ததா என்று தலையை அசைத்துக் கேட்டாள். நாற்பது பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஓடிப்போய்க் கார் கதவைப் பிடித்துக்கொண்டேன். மதுரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தானே போகிறீர்கள், எங்கள் பக்கம் வந்துவிட்டு அந்த ஊர்ப் பால்கோவா வாங்காமல் போகக் கூடாது, கடையை நான் காட்டுகிறேன் என்றேன். முதலாளியும் ஒன்றும் புரியாமல் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

பால்கோவாக் கடையில் கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. மூன்று பேர் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லாப்பெட்டி மூட முடியாமல் பிதுங்கியது. மாடியில் புதிதாக ஒரு தளம் எழும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, ஏவாரம் எப்படிப் போகுது?" என்றேன் கடைக்காரரிடம்.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "எங்க தாயி, லாஸ்லதான் ஓடுது. ஏதோ பேருக்குத் தொறந்து வச்சிருக்கோம்."

அப்படியே மொழிபெயர்த்தேன். டென்மார்க்காரர் கூட்டத்தைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். "இந்தக் கடையா?" என்றார்.

"யெஸ் சார். ஃபுல் லாஸ்."

அவர் தானாகவே பக்கத்து ஜவுளிக்கடைக்குப் போய், "லாஸ்?" என்று கேட்டார். "லாஸ், லாஸ்!" என்றார் ஜவுளிக்காரர், வாயெல்லாம் பல்லாக. எதிரே இருந்த பாத்திரக் கடையிலும் அதே பதில். அதற்குள் டென்மார்க்காரர் சிரிக்க ஆரம்பித்திருந்தார். பிறகு எங்கள் முதலாளி பக்கம் திரும்பி, இப்போது உண்மையைச் சொல்லுங்கள் என்றார்.

"லாபம்னு சொல்லுங்க மொதலாளி."

"ஏம்மா, நடுரோட்டுலயா?"

"நாப்பது பேரு பொழப்பு, மொதலாளி."

முதலாளி இரண்டு பக்கமும் பார்த்தார். டென்மார்க்காரர் காதருகே குனிந்து, ஏதோ திருட்டுச் சரக்கை விற்கிறவர் போல, "லாபம்" என்றார். தமிழில்தான் சொன்னார். நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை.

ஆடிட்டர் போட்ட கணக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, டென்மார்க்காரர் அடுத்த மாதம் ஆர்டர் அனுப்பினார். மேஜைகளில் ஆறு நாளும் வேலை நடந்தது. "எம்மக இங்கிலீஷ்ல வாங்குன ஆர்டராக்கும்" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். (அதே இங்கிலீஷில்தான் முதலில் தொலைத்தேன் என்பதை நான் சொல்லவில்லை.) அடக்கமாக இருக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் காரை நிறுத்தினேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு எலெக்ட்ரிக் சாமான் கடை. வியாபாரமெல்லாம் எப்படி என்று என் அப்பா கேட்டார்.

"எங்கங்க, லாஸ்லதான் ஓடுது" என்றார் அவர்.

"யம்மா, நல்ல எடம். சரின்னு சொல்லிரு" என்று அம்மா காதில் சொன்னேன். காதில் சொன்னதாகத்தான் நினைத்தேன். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது.

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு சொந்தக்காரர், "என்னப்பா, குடும்பமெல்லாம் எப்படிப் போகுது?" என்று வேண்டுமென்றே கேட்பார். என் வீட்டுக்காரர் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் அதே பதிலைத்தான் சொல்கிறார்: "ஃபுல் லாஸ்!"