ஒரு விசில், ஒரு மயில், நடுவில் நான்

எங்கள் பக்கம் போனில் பேசுவது சுலபம், வைப்பதுதான் கஷ்டம். "வெச்சரட்டுங்களா?" என்று இந்தப் பக்கம் கேட்டால், "வைங்க வைங்க" என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். சொல்லிவிட்டு அவர்களும் வைக்க மாட்டார்கள், நாமும் வைக்க மாட்டோம். "அப்பறம் சொல்லுங்க" என்று யாராவது மறுபடி ஆரம்பிப்பார்கள். முதலில் வைப்பவர் மரியாதை தெரியாதவர் ஆகிவிடுவாரே! திருப்பூரில் பனியன் ஆர்டர் தாமதமாவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கட்சி. (மீதிப் பாதிக்கு என்னைப் போன்றவர்கள் காரணம்.)

இந்த வியாதியை இரண்டு இயந்திரங்களுக்குத் தொற்றவைத்தவன் நான்.

என் பிழைப்பு பனியன் லேபிள் அச்சடிப்பது. 'குளிர்ந்த நீரில் துவைக்கவும்' என்பதை ஏழெட்டு மொழிகளில் போட்டுக் கொடுப்பேன். உலகமெங்கும் ஜனங்கள் என் எழுத்தைக் கழுத்தில் சுமந்துகொண்டு திரிகிறார்கள், ஒருவர்கூடப் படித்ததில்லை. உறுத்துகிறது என்று கத்தரித்து எறிகிறார்கள். யாராவது நம்மைக் காது கொடுத்துக் கேட்கட்டும் என்ற ஏக்கத்தில்தான் ஹாம் ரேடியோ பக்கம் போயிருப்பேன். பரீட்சை எழுதி, அரசாங்க லைசென்ஸ் வாங்கி, முகம் தெரியாதவர்களோடு வானொலியில் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு அது. பரீட்சைக்கு என்னோடு சேர்ந்து படித்தவர் தங்கவேலு மச்சான். என் மனைவி சரசுவின் அண்ணன். சத்தியமங்கலம் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறார்.

இருவரும் பாஸ் செய்தோம். கொஞ்ச நாளிலேயே அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

விஷயம் பெரிதல்ல. மச்சான் புது வீடு கட்டினார். வேலை மும்முரத்தில் தங்கைக்கும் மற்றவர்களுக்கு அனுப்பியதுபோலவே வாட்ஸப்பில் கிரகப்பிரவேசப் பத்திரிகையை அனுப்பிவிட்டார். "கூடப் பொறந்தவளுக்குப் படம் அனுப்பறானா? வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புட அவனுக்குக் காலு நோவுதாமா?" என்று சரசு விசேஷத்துக்குப் போகவில்லை. "கூப்புட்டும் வரலயில்ல? இனி அவளா வாயத் தொறந்து கூப்புட்டாத்தான் அந்த ஊட்டுப் படி மிதிப்பேன்" என்று மச்சான் முறுக்கிக்கொண்டார். மூன்று வருடம் ஓடிவிட்டது.

நான் மட்டும் மச்சானோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். போனில் பேசினால் அது துரோகம். ரேடியோவில் பேசினால் பொழுதுபோக்கு. தினமும் காலையில் மொட்டை மாடியில் ஷார்ட்வேவ் கூட்டத்தில் சந்திப்போம். அந்தக் கரகரப்பில் தேவர்களே பேசினாலும் குரல் அடையாளம் தெரியாது. காபி கொடுக்க வரும் சரசு, "யாருங்க அது, தொண்டக்கட்டு வந்தாட்டப் பேசறாரு?" என்பாள். "யாரோ ஒரு வெவசாயி" என்பேன். (பொய்யில்லையே!)

அப்போதுதான் எங்கள் மகள் மதுவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் இல்லாமல் எங்கள் வீடுகளில் கல்யாணமா? "அவனே மொதல்ல ஒரு வார்த்த பேசட்டும்" என்றாள் சரசு. ஆனால் கல்யாண ஜவுளி எடுத்து வந்த அன்று, ஒரு பட்டுவேட்டியை மட்டும் தனியாக பீரோவின் மேல்தட்டில் வைத்தாள். யாருக்கு என்று கேட்டேன். "யாருக்கோ" என்றாள். அந்த 'யாருக்கோ' என்னை என்னவோ செய்தது. பல்லடத்தில் தறி ஓட்டும் சம்பந்தி வேறு போனில், "மாமன் ஊட்டுல பேசீட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "பேசீட்டேதானுங்க இருக்கறோம்" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இந்த நேரம் பார்த்து எங்கள் ஹாம் நண்பர்களுக்கு ஒரு யோசனை வந்தது. எங்களுக்கு நல்லூரில் ஒரு ரிப்பீட்டர் உண்டு. கையடக்க ரேடியோவின் சத்தம் அதிக தூரம் போகாது. ரிப்பீட்டர் அதை உயரத்தில் வாங்கி, உரக்கத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. சத்தி மலையடிவாரத்தில், மச்சானின் தோட்டத்து மோட்டார் ரூமில், இன்னொன்று இருந்தது. இரண்டிலும் சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு சின்னக் கணினியைப் பொருத்தி இன்டர்நெட் வழியாக இணைத்துவிட்டால், திருப்பூரில் முணுமுணுப்பது சத்தியில் கணீரென்று கேட்கும். அனுமதியெல்லாம் முறையாக வாங்கியாயிற்று. கணினி வேலையை நானே செய்கிறேன் என்று முந்திக்கொண்டேன்.

ஏனென்றால் என் மண்டையில் ஒரு திட்டம் உதித்திருந்தது.

இந்த மாதிரி இணைப்பில் ஒருவர் பேசி முடித்ததும் இயந்திரம் 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அடுத்தவர் பேசலாம் என்று அர்த்தம். நம்மூரில் ஒரு மனுஷன் பேசி முடித்ததும் அவரைப் பார்த்து பீப் அடிப்பதா? அதற்குப் பதில் மனிதக் குரலைப் போட்டால்? நம் முனையில் சரசுவின் குரல். சத்தி முனையில் மச்சானின் குரல். திறப்பு விழா அன்று சம்பந்தி முன்னிலையில் அண்ணன் குரல் கூடத்தில் ஒலிக்கும்; சரசு உருகுவாள்; நான் அடக்கமாகச் சிரித்துக்கொள்வேன்.

கேமரா கடை வைத்திருக்கும் செல்வினிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். உடன்குடிக்காரர், எங்கள் குழுவில் விவரமானவர். "பீப்பே போதும் அண்ணாச்சி. மெசினுக்கு எதுக்கு மரியாத?" என்றார். "உங்க ஊருல வேணும்னாப் போதும்" என்றேன் கெத்தாக.

சரசு சமையலறையில் இருந்தபோது போய், ரெக்கார்டிங் போட்ட போனை நீட்டி, வரவேற்று ஒரு வார்த்தை பேசச் சொன்னேன். "யாருக்குச் சொல்றது?" "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம்." அவள் மண்டப வாசலில் நிற்பவள்போல முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க வாங்க! வணக்கமுங்க. பேசுங்க!" என்றாள். முடிவில் குக்கர் ஒரு விசில் அடித்தது. மச்சானும் தோட்டத்திலிருந்து அனுப்பினார்: "வந்துட்டனுங்க. கேட்டுட்டுத்தான் இருக்கறேன். சொல்லுங்க!" பின்னால் ஒரு மயில் வீறிட்டது. யார் குரலுக்கு இது பதில் என்று இருவருக்கும் தெரியாது. விசிலையும் மயிலையும் வெட்டலாம்தான். இயற்கையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தந்த ஊர் வரவேற்பு அந்தந்த ஊரில் மட்டும் கேட்டால் போதும். ஆனால் இங்கே பேசும் சரசுவின் குரல் அங்கேயும் கேட்க வேண்டும், அங்கே பேசும் மச்சானின் குரல் இங்கேயும் கேட்க வேண்டும் என்ற ஆசையில், இரண்டையும் இணைப்பின் வழியாகவே அனுப்பும்படி மாற்றி வைத்தேன். அதில் ஒரு சின்ன விஷயத்தை யோசிக்கவில்லை. இயந்திரத்துக்கு மனுஷன் எது, ரெக்கார்டிங் எது என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பூண்டியில் எங்கள் வீட்டுக் கூடம். மேஜை நடுவில் ரேடியோ. சுற்றிலும் சம்பந்தி, செல்வின், நண்பர்கள் சிலர். நான் புதுச்சட்டையில் ரேடியோவை எடுத்து, "அனைவருக்கும் வணக்கம். இணைப்பு திறக்கப்படுகிறது" என்று சொல்லிப் பொத்தானை விட்டேன்.

"வந்துட்டனுங்க. கேட்டுட்டுத்தான் இருக்கறேன். சொல்லுங்க!" மயில்.

பஜ்ஜித் தட்டோடு வந்த சரசு அப்படியே நின்றாள். நான் அடக்கச் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன். அதற்குள், மச்சான் பேசி முடித்துவிட்டார் என்று நினைத்த எங்கள் பெட்டி தன் கடமையைச் செய்தது.

"வாங்க வாங்க! வணக்கமுங்க. பேசுங்க!" விசில்.

தங்கச்சி கூப்பிட்டுவிட்டாள் என்று அந்தப் பெட்டி நினைத்தது.

"வந்துட்டனுங்க. கேட்டுட்டுத்தான் இருக்கறேன். சொல்லுங்க!" மயில்.

"வாங்க வாங்க! வணக்கமுங்க. பேசுங்க!" விசில்.

சரசு தட்டை மேஜையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் சிரிப்பு மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே கிடந்தது.

"யாருங்க அவுங்க ரெண்டு பேரும்?" என்றார் சம்பந்தி. "எத்தன மரியாதயாப் பேசிக்கறாங்க. நல்ல குடும்பமுங்க."

"ஏ அண்ணாச்சி, என்னத்தச் செஞ்சு வச்சிருக்கிய?" என்று செல்வின் காதில் கிசுகிசுத்தார். "ரெண்டும் விட்டுக் குடுக்காது போலுக்கே."

இணைப்பை அறுக்க ஒரு ரகசிய எண் உண்டு. ரேடியோவில் அழுத்தினால் போதும். ஆனால் அழுத்த ஒரு நொடி மௌனம் வேண்டும். மயிலுக்கும் விசிலுக்கும் நடுவே கொசு நுழையக்கூட இடமில்லை. கம்ப்யூட்டர் வழியாகப் போய் நிறுத்தலாம் என்று உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு கேட்டது. மறக்கவே கூடாது என்று எங்கள் கல்யாணத் தேதியை வைத்திருந்தேன். முதலில் போட்டது தப்பு. இரண்டாவதும் தப்பு. வேறு வழியில்லாமல் சாத்திய சமையலறைக் கதவில் வாயை வைத்து, "சரசு… நமக்குக் கல்யாணம் ஆனது என்னைக்கு?" என்றேன்.

உள்ளே ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. விழுந்ததா, போடப்பட்டதா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. மூன்றாவதும் தப்பு. கணினி கதவைச் சாத்தியது. அதுவும்.

நல்லூருக்கு ஓடி மின்சாரத்தைப் பிடுங்கலாம் என்றால், ரிப்பீட்டர் இருப்பது ஒரு தையல் யூனிட்டின் மொட்டை மாடி அறையில். முதலாளி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பழனிக்குப் போயிருந்தார். கரண்ட் போனால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன். போனாலும் நிற்காது, இன்வெர்ட்டர் போட்ட மகராசன் நான்தான்.

மச்சானுக்கு போன் அடித்தேன். மணி போனது; எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. நடுவில் கோயமுத்தூரிலிருந்து ஒரு ஹாம் நண்பர் கூப்பிட்டார். "ஏனுங்க, யாருங்க அந்தம்மா? பாவம், எவ்வளவு நேரமாக் கூப்புடறாங்க! அந்தாளு வந்துட்டேன் வந்துட்டேன்னுட்டு வரவே மாட்டேங்கறானே!"

சம்பந்தி பஜ்ஜியை முடித்துவிட்டுக் கவலையோடு சொன்னார்: "இத்தன விசிலுக்குப் பருப்பு கொழஞ்சு கூழாயிருக்குமுங்க."

சமையலறைக் கதவு திறந்தது. கையில் செல்போனோடு வந்தாள் சரசு. கண் சிவந்திருந்தது. (வெங்காயம் என்று பிறகு சொன்னாள். அன்றைய பஜ்ஜி வாழைக்காய்.)

"அவன் நம்பரச் சொல்லுங்க. நான் அழிச்சுப் போட்டேன்."

நான் கண்ணாடியைத் தேடி, போனைத் திறந்து, நம்பரைத் தேடுவதற்குள் அவள் மனப்பாடமாக அடித்துக் காதில் வைத்துவிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் மச்சான். தோட்டத்துக்குத் தோட்டம் கூப்பிட்டுப் பேசும் குரல். அதற்கு ஸ்பீக்கர் தேவையில்லை. கூடம் முழுக்கக் கேட்டது.

"அண்ணா."

மச்சான் வாயைத் திறப்பதற்குள் மேஜையிலிருந்த ரேடியோ சொன்னது: "வாங்க வாங்க! வணக்கமுங்க. பேசுங்க!"

"அண்ணா, அந்தப் பொட்டிய அமத்து."

"அமத்தறேன் கண்ணு… இன்னொருக்காக் கேட்டுக்கறேன்."

"எத்தன வாட்டி கேப்ப?"

"மூணு வருசத்துக்குச் சேத்துக் கேட்டுட்டு இருக்கறேன். உம்பட ஊட்டுக்காரன் வேற சும்மா சும்மா போன் பண்ணித் தொந்தரவு பண்றான்."

சரசு சுவரில் சாய்ந்துகொண்டாள். "மதுவுக்கு ஆவணில கல்யாணம்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

மச்சான் தொண்டையைச் செருமினார். அந்தத் தொண்டைக்கட்டு விவசாயி யார் என்று அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது. அவள் பார்வை மெதுவாகத் திரும்பி என் மேல் வந்து நின்றது. நான் சம்பந்திக்கு இன்னொரு பஜ்ஜி வைத்தேன்.

"எல்லாஞ் செரி, சரசு. நீ என்னய ஒரு வார்த்த கூப்புடலயே?" என்றார் மச்சான்.

"இத்தன நேரமாக் கூப்புட்டுட்டுத்தான இருக்கறேன்! ஊரே கேட்டாச்சு. உனக்கு மட்டும் கேக்கலயா?"

கொஞ்ச நேரத்தில் ரேடியோ நின்றது. கடைசியாகக் கேட்டது மயிலா விசிலா என்று எனக்கு நினைவில்லை. சம்பந்தி எழுந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல குடும்பந்தானுங்க" என்றார் மறுபடியும்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நாங்கள் கொங்குக்காரர்களே இல்லை. மறுநாள் காலை வெற்றிலை பாக்கு, பழத்தட்டு, பட்டுவேட்டியோடு சத்திக்குப் போனோம். அங்கே வீடு பூட்டிக் கிடந்தது. தங்கச்சியை அலைய வைக்கக் கூடாது என்று மச்சான் வாழைத்தாரோடு பூண்டிக்குக் கிளம்பி, பூட்டிய எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். "நீ அங்கயே இரு, நான் வர்றேன்." "இல்ல, நீ இரு, நான் வர்றேன்." போனில் இதுவே ஓடியது. கடைசியில் நான்தான் குறுக்கிட்டு, இரண்டு பேரையும் நடுவழியில் அவிநாசியில் ஒரு பேக்கரியில் சந்திக்க வைத்தேன். தேங்காய் பன்னுக்கு முன்னால் வைத்து முறைப்படி அழைப்பு நடந்தது.

மாமன் வந்தார். பட்டுவேட்டி கட்டினார். மேடையில் மைக்கைக் கொடுத்து நாலு வார்த்தை பேசச் சொன்னபோது, "வந்துட்டனுங்க" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் பேச விடவில்லை, மண்டபமே சிரித்தது. சம்பந்தி வீட்டுப் பையன்கள் கூட்டத்திலிருந்து விசில் அடித்தார்கள்.

எங்கள் இணைப்பில் இப்போது செல்வின் போட்ட பீப் மட்டும்தான். ஆனால் அண்ணனும் தங்கையும் தினமும் சாயங்காலம் போனில் பேசுகிறார்கள். "வெச்சரட்டுமா?" "வை கண்ணு." "நீ வை." "அப்பறஞ் சொல்லு." டீ ஆறிக்கொண்டிருக்கும். கூடத்திலிருந்து நான், "பொட்டிய அமத்துங்கப்பா!" என்று கத்துவேன்.

சரசு போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்புவாள். "மொதல்ல நமக்குக் கல்யாணம் ஆனது என்னைக்குன்னு சொல்லுங்க. அப்பறம் அமத்தறேன்."

நான் ஆறிய டீயையே குடித்துக்கொள்கிறேன்.