ஆம்பூர் வெயிலில் ஒரு குரங்குக் குல்லா

பங்குனி வெயிலில் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு வேலை பார்த்த மனுஷி, வேலூர் முதல் ஆம்பூர் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருத்தர் கிடைக்க மாட்டார். எங்கள் எல்கேஜி வகுப்புக்கு டீச்சராக வந்தவர் அவர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்குத்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் குல்லா மிஸ்.

நான் அந்த வகுப்பின் ஆயாம்மா. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது, தண்ணீர் பாட்டில் திறந்து கொடுப்பது என் வேலை. முதல் நாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவர், கைப்பையிலிருந்து மெரூன் கலரில் கம்பளிக் குல்லாவை எடுத்துக் காது மூட மாட்டிக்கொண்டார். மேலே மின்விசிறி சூடான காற்றைக் கிண்டிக்கொண்டிருந்தது.

"இன்னா மிஸ், ஜுரமா?" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பாமலே நாலு பிள்ளைகளை எதிரில் உட்கார வைத்துப் பாடத்தைத் தொடங்கிவிட்டார். குல்லாவைக் கழற்றிய பிறகுதான் என்னிடம் பேசினார்.

"நாப்பது பேரும் ஒண்ணா கத்தினா யாருக்குத் தெரியுது, யாரு பக்கத்துப் புள்ள வாயப் பாத்து சொல்றாங்கன்னு எப்டி ஆயாம்மா கண்டுபுடிக்கிறது? நாலு பேருன்னா மாட்டிப்பாங்க. நடுவுல யாராச்சும் கூப்ட்டா எல்லாம் போய்டும். அதான் குல்லா. இது தலையில இருக்கற வரைக்கும் அந்த நாலு பேரத் தவிர யாரும் என்னக் கூப்பிடக் கூடாது."

மீதிப் பிள்ளைகளுக்குக் குழுவுக்கொரு மூலை. ஒரு மூலையில் படப் புத்தகம். இன்னொன்றில் தோல் துண்டில் வெட்டிய எழுத்துகள். கண்ணை மூடித் தடவிப் பார்த்து என்ன எழுத்தென்று சொல்ல வேண்டும். மணி மூலையில், அட்டையில் என்ன எண் இருக்கிறதோ அத்தனை மணிகளை ஷூ லேஸில் கோர்க்க வேண்டும். தோலும் லேஸும் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அம்மாக்கள் கொண்டுவந்து கொடுத்த கழிவு. குல்லா கழன்றால் எல்லோரும் மூலை மாற வேண்டும். சந்தேகம் வந்தால் முதலில் மூன்று பேரைக் கேட்க வேண்டும். மூன்று பேருக்கும் தெரியாவிட்டால் குல்லா கழலும் வரை காத்திருக்க வேண்டும்.

நாலு வயசுப் பிள்ளைகள் தாமாக உட்கார்ந்து வேலை செய்யுமா? எனக்கு அது பெரிய அதிசயம். விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு பெருக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

ஒரு நாள் வகுப்புக்குள் ஆடு புகுந்து சுவரிலிருந்த சார்ட்டைத் தின்ன ஆரம்பித்தது. கதிர் என்ற பையன் பதறாமல் எழுந்தான். முதலில் ஒருத்தியைக் கேட்டான், பிறகு இன்னொருத்தனைக் கேட்டான். மூன்றாவதாக என்னிடம் வந்தான்.

"ஆயாம்மா, ஆடு பேப்பர் துன்னலாமா?"

நான் போய் விரட்டுவதற்குள் பாதிச் சுவர் காலி. குல்லா அசையவில்லை.

இன்னொரு நாள், மறந்து வைத்துவிட்டு வந்த டிபன் பாக்ஸோடு மிஸ்ஸின் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். "இந்தாம்மா" என்று வாயைத் திறந்ததும் பிள்ளைகள் உஷ் என்று அடக்கி, மணி மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் தப்பாகக் கோர்த்ததை அவிழ்த்துத் திரும்பக் கோர்க்க வைத்தார்கள். "வூட்லயும் இப்டித்தான் ஆயாம்மா, ஆனா குல்லா மட்டும் இல்ல" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வகுப்பில் பெனிட்டா என்று ஒரு குழந்தை. சேர்ந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் வேலை பார்க்கும் அவள் அம்மா, "வூட்ல இவ வாய மூட முடியாது ஆயாம்மா, இங்க வந்தாத்தான் இப்டி" என்று அழுவாள். எனக்கும் நாலு பேர் முன்னால் பேச்சு வராது. அந்தக் குழந்தையின் தண்ணீர் பாட்டிலைத்தான் முதலில் திறந்து கொடுப்பேன்.

பள்ளிக்கூடத்தை நடத்துகிற கரஸ்பாண்டன்ட் கறாராகச் சொல்லிவிட்டார். "வாயே தொறக்காத புள்ளய எப்டி யூகேஜிக்கு ஏத்தறது? லீவு விடறதுக்குள்ள நானே வந்து பாப்பேன். பேசலன்னா இன்னொரு வருஷம் எல்கேஜிதான்."

"பேசுவா சார்" என்றார் மிஸ்.

"எப்போ?"

"பேசற அளவுக்கு அவளுக்கு ஒரு அவசரம் வந்தா."

கடைசி வாரத்தில் கரஸ்பாண்டன்ட் வந்தார். மிஸ் தலையில் குல்லா, எதிரில் நாலு பேர்.

"மிஸ், அந்தப் பொண்ணக் கூப்டுங்க."

மிஸ் பாடத்தை நிறுத்தவில்லை. "இன்னாச்சு உங்க மிஸ்ஸுக்கு?" என்று பக்கத்துப் பையனைக் கேட்டார். "குல்லா சார்." இன்னொருத்தியைக் கேட்டார். "குல்லா." அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நேராக நடந்துபோய் மிஸ்ஸின் தோளைத் தட்டக் கையை நீட்டினார்.

மணி மூலையிலிருந்து ஓடிவந்து அவர் சட்டை நுனியைப் பிடித்தாள் பெனிட்டா.

"சார். குல்லா போட்டிருக்காங்க. கூப்டக் கூடாது."

விளக்குமாறு என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

"நீ யாரும்மா?"

"பெனிட்டா. வாங்க, வந்து உக்காருங்க."

கரஸ்பாண்டன்ட் உட்கார்ந்தார். அந்தச் சின்ன நாற்காலியில் அவர் முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டன. எட்டு என்று எழுதிய அட்டையை நீட்டினாள். கோர்த்துக் கொடுத்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"ஒண்ணு கம்மி சார்."

"நான் சரியாத்தான் போட்டேன்."

"எண்ணுங்க."

எண்ணினார். ஏழு. எட்டாவது மணி அவர் ஷூவுக்குக் கீழே கிடந்தது.

மிஸ் திரும்பவே இல்லை. காதில் விழவில்லை போல என்று நினைத்தேன். பார்த்தால், குல்லாவைப் புருவம் வரை இழுத்து விட்டுக்கொண்டார். எதிரே இருந்த கதிர், "மிஸ், கண்ணுல தண்ணி" என்றான்.

"வேர்க்குதுடா. நீ படி."

கரஸ்பாண்டன்ட் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. நான் பிடித்து இழுத்துக் கழற்றினேன். மிஸ்ஸை ஒரு தரம் பார்த்தவர், என் பக்கம் குனிந்து குசுகுசுவென்று சொன்னார். "ஆயாம்மா, குல்லாவக் கழட்டினதும் சொல்லிடுங்க. பெனிட்டா யூகேஜி."

வீட்டுக்காரருக்கு வேலை மாறி, குல்லா மிஸ் இப்போது நாட்றம்பள்ளிப் பக்கம் இருக்கிறார். ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். நான் போகிற நேரத்தில் குல்லா தலையில் இருந்தாலும் பரவாயில்லை. மணி மூலையில் உட்கார்ந்து கோர்த்துக்கொண்டிருப்பேன், எனக்கொன்றும் அவசரமில்லை.