மண்டபத்தைத் தாண்டிய படகு

திரைநோக்கி என்றொரு இனம் நம்மிடையே உண்டு. மீன்கொத்தி, மரங்கொத்தி போல இதுவும் செய்யும் வேலையால் வந்த பெயர்தான். திரை என்றால் பழந்தமிழில் அலை. ஆனால் இவர் நோக்குவது அந்தத் திரையை அல்ல. எதிரே கடல் கண்ணுக்கெட்டிய மட்டும் நீலமாகக் கிடக்கும்போது, உள்ளங்கையில் இருக்கும் கைபேசியில் நீல நிறத்தைத் தேடிப் பிடித்து, இங்கே கடல் இருக்கிறது என்று நமக்கு உறுதி செய்து தருபவர். காற்று முகத்தில் அறைந்த பிறகும் அம்புக்குறி திரும்பும்வரை எந்தத் திசைக் காற்று என்று சொல்ல மறுப்பவர். படகுக்காரர் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு இங்கே ஆழமில்லை என்றாலும், நாலு மீட்டர் போட்டிருக்கிறதே என்று அவருடைய முழங்காலையே சந்தேகமாகப் பார்ப்பவர்.

பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் எங்கே போவீர்கள்?

நான் அறிந்த திரைநோக்கிகளில் தலைசிறந்தவர் ராமானுஜம். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் என் பக்கத்து வீட்டுக்காரர். 2009இல் அவருடைய ஒரே மகன் ராகவன், சிறுசேரி கம்பெனி வேலையாக வெளிநாடு போய்த் திரும்பியபோது, அப்பாவுக்கு ஒரு தொடுதிரை ஃபோன் வாங்கி வந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடல் வரைபடம் ஒன்றையும் அதில் ஏற்றிக் கொடுத்தான். ஆழம், பாறை, கலங்கரை விளக்கம் எல்லாம் குறித்த படம். எந்த இடத்தையும் ஒரு புள்ளியாகச் சேமித்துக்கொள்ளலாம். பிறகு அதைத் தொட்டால் வழி காட்டும். அன்றிலிருந்து ராமானுஜம் போன இடமெல்லாம் புள்ளி வைத்தார். காய்கறிக்கடைக்குப் புள்ளி, பல் டாக்டருக்குப் புள்ளி. கப்பல் எதுவும் பல் டாக்டரிடம் போவதில்லை என்று அவர் மனைவி லதா சொல்லிப் பார்த்தார்.

அந்த வருஷமே ராகவனுக்குப் பெண் அமைந்தது. மாமல்லபுரம் பக்தவத்சலத்தின் மகள் ஸ்வாதி. நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே கடற்கரையை ஒட்டிய ஒரு சின்ன மண்டபத்தில். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும்.

காலையில் நாங்கள் வேனில் ஏறும்போதே சேதி வந்தது. வழியில் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடக்கிறது, சாலை திறக்க மதியம் ஆகும். திருக்கழுக்குன்றம் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம்தான் அதிகம் என்றார் டிரைவர். எல்லோரும் சரி என்றோம். ராமானுஜம் மட்டும் ஃபோனை வெளியே எடுத்தார். கடலில் லாரி கவிழாது என்றார்.

லதா தடுத்தார். நான் தடுத்தேன். டிரைவர்கூடத் தடுத்தார். பலனில்லை. சேலைத்தட்டு, மோதிரம், மாப்பிள்ளை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் சதுரங்கப்பட்டினம் மணலில் இறங்கிவிட்டார். செல்வராஜ் என்பவருடைய ஃபைபர் படகு அப்போதுதான் மீனை இறக்கிவிட்டு நின்றது. செல்வராஜ் அந்தக் கடலில் முப்பது வருஷமாக இருப்பவர். அவரிடம் ராமானுஜம் சொன்னது இவ்வளவுதான்: நீங்கள் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளுங்கள், வழியை நான் சொல்கிறேன்.

ராகவன் ஏன் ஏறினான் என்று கேட்கிறீர்களா? பிறந்து இருபத்தெட்டு வருஷத்தில் அப்பாவிடம் ஒரு வாதத்திலும் அவன் ஜெயித்ததில்லை. நிச்சயதார்த்தத்தன்று ஆரம்பிக்க வேண்டாம் என்று நினைத்திருப்பான்.

வேன் சுற்றிக்கொண்டு பத்துக்குப் பத்து நிமிடம் முன்பே மாமல்லபுரம் போய்விட்டது. மாப்பிள்ளை கடல்வழியாக வருகிறார் என்று லதா தயங்கித் தயங்கிச் சொன்னதும் பக்தவத்சலம் நெகிழ்ந்துபோனார். அவருடைய வம்சத்தில் எந்த மாப்பிள்ளையும் அப்படி வந்ததில்லை. ஆரத்தித் தட்டு, நாதஸ்வரம், தவில், பச்சைப் பட்டில் ஸ்வாதி, குடை பிடிக்க நான், எல்லோரும் கரையில் வரிசையாக நின்றோம்.

சற்று நேரத்தில் படகு தெரிந்தது. வேட்டி சட்டையில் மாப்பிள்ளை நிற்பது தெரிந்தது. நாதஸ்வரம் ஒலித்தது. நாங்கள் கையசைத்தோம். மாப்பிள்ளையும் கையசைத்தார்.

படகு நிற்கவில்லை.

வேகம்கூடக் குறையவில்லை. எங்களுக்கு நேராக வந்து, எங்களைக் கடந்து, கடற்கரைக் கோயிலையும் கடந்து, வடக்கே போய்க்கொண்டிருந்தது. தவில்காரர் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் வாசித்தார். பக்தவத்சலம் அங்கவஸ்திரம் பறக்க மணலில் படகோடு சேர்ந்து கொஞ்ச தூரம் ஓடினார். அறுபது வயது மனிதர் படகை எவ்வளவு தூரம் துரத்த முடியும்?

படகுக்குள் நடந்ததை ராகவன் பிற்பாடு என்னிடம் சொன்னான். கோயில் தெரிந்ததும் செல்வராஜ் எஞ்சினைக் குறைக்கப் போனார். ராமானுஜம் நிமிராமலே, இன்னும் பதினாறு கிலோமீட்டர் இருக்கிறது என்றார். கரையில் மேளம் கேட்டது. யாருக்கோ கல்யாணம், நல்ல முகூர்த்தநாள் என்றார்.

"அப்பா, அது ஸ்வாதி மாதிரி இருக்கு."

"பச்சைப் புடவை கட்டினவங்க எல்லாம் ஸ்வாதியாடா? இதுல பாரு, எங்க இருக்கோம், எங்க போகணும்னு தெளிவா போட்டிருக்கு."

ராகவன் யோசித்தான். பெண் பார்க்கப் போனபோது வெட்கத்தில் பாதி நேரம் பஜ்ஜியைத்தான் பார்த்திருந்தான். பஜ்ஜியாக இருந்தால் அடையாளம் சொல்லியிருப்பான். வேறு யாருடைய மணப்பெண்ணுக்கோ கையசைத்துவிட்டோமே என்று கூச்சப்பட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் தன் ஃபோனை நனையாமலிருக்கத் தட்டிலிருந்த சேலைக்குள் சுற்றி வைத்திருந்தான். லதா கணவருக்கு ஒன்பது முறை அழைத்தார். அழைப்பு வந்தால் வரைபடம் மறைகிறது என்று ஒன்பது முறையும் துண்டித்தார் ராமானுஜம்.

செல்வராஜ் ஏன் வாயைத் திறக்கவில்லை? அதையும் ராகவன் கேட்டிருக்கிறான்.

"பொண்ணு புடிக்காம அப்பனும் புள்ளயும் ஓடிகினு கீறீங்கன்னு நெனச்சேன் சார். அதுல நாம இன்னாத்துக்கு பூந்து பேசணும்?"

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படகு ஒரு கரையில் முட்டியது. கடைசி அலை மூன்று பேரையும் இடுப்புவரை நனைத்தது. வந்துசேர்ந்துவிட்டோம் என்றது ஃபோன். மணலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த முனியம்மா என்ற அம்மாளிடம், நிச்சயதார்த்த மண்டபம் எங்கே என்று ராமானுஜம் விசாரித்தார்.

"மண்டபமா? இங்க பெருமாள் கோயிலுதான் கீது. இது திருவிடந்தை நைனா."

ராமானுஜம் திரையைப் பார்த்தார். பட்டியலில் 'கல்யாணம்' என்று ஒரு புள்ளி இருந்தது. அதைத்தான் காலையில் தொட்டிருந்தார். ஆனால் அது மண்டபத்துக்கு வைத்த புள்ளி அல்ல. மகனுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகவேண்டும் என்று நான்கு மாதம் முன்பு நித்தியகல்யாணப் பெருமாளுக்கு மாலை சாத்த வந்தபோது வைத்தது. மண்டபத்துக்கு அவர் புள்ளியே வைக்கவில்லை.

இந்த இடத்தில் உங்களையும் என்னையும் போன்றவர்கள் தலையில் கை வைத்து மணலில் உட்கார்ந்திருப்போம். ராமானுஜம் முகம் மலர்ந்தார்.

"பாத்தியாடா? மூணு மீட்டர்கூடப் பிசகலை."

ராகவன் தட்டை எடுத்துக்கொண்டு, ஈர வேட்டியை மடித்துக் கட்டி, பஸ் பிடிக்கச் சாலையை நோக்கி ஓடினான். அப்பாவைக் கேட்காமல் அவன் எடுத்த முதல் முடிவு அதுதான் என்பார் லதா.

இங்கே மண்டபத்தில் நிலைமை மோசமாகியிருந்தது. நம்மைப் பார்த்துக் கையாட்டிவிட்டே போகிறான் என்றால் எவ்வளவு கொழுப்பு என்று பெண்வீட்டார் பேசிக்கொண்டார்கள். பக்தவத்சலம் வெற்றிலைத் தட்டை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். அப்போதுதான் ராகவனின் அழைப்பு வந்தது. பஸ்ஸில் இருக்கிறேன், எப்படியாவது எல்லோரையும் நிறுத்தி வையுங்கள் என்றான்.

பதினொன்று நாற்பதுக்கு வந்து நின்றான். வேட்டியில் உப்பு, காலில் மணல், உடம்பெல்லாம் நெத்திலி வாசம். பக்தவத்சலத்தின் காலில் விழப்போனவனை ஸ்வாதி நிறுத்தினாள். எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமில்ல?"

"தெரியும். உங்களைப் பார்த்தேன். அப்பா இல்லைன்னார்."

"இனிமே?"

ராகவன் வாசல் பக்கம் பார்த்தான். ராமானுஜம் அடுத்த பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தார்.

"இனிமே நீங்க சொன்னா சரி," என்றான்.

ஸ்வாதி சிரித்துவிட்டாள். பக்தவத்சலம் சிரிக்கவில்லை, ஆனால் வெற்றிலைத் தட்டைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். ராமானுஜத்துக்குக் காத்திராமல் லதாவே தட்டு மாற்றினார். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருந்தது. ராமானுஜம் உள்ளே நுழைந்தபோது பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் செயற்கைக்கோளைப் பற்றி விளக்கத் தொடங்கினார்.

திரைநோக்கி திருந்துவதில்லை, பெருகுகிறது. அன்று ஊருக்கு ஒருவர், இன்று வீட்டுக்கு மூவர். உங்கள் வீட்டில் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். போன ஞாயிற்றுக்கிழமை அச்சரப்பாக்கத்தில் மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் போனீர்களே, இருபது வருஷமாகப் போகிற தெரு. ஃபோன் 'இன்னும் அறுநூறு மீட்டர்' என்றதும் நேராகவே ஓட்டினீர்களே, அப்போது வாசலில் ஒரு பெரியவர் கையைத் தூக்கிக்கொண்டு காரோடு ஓடிவந்ததைக் கவனித்தீர்களா? உங்கள் மனைவி கவனித்தார். ஏதோ சொன்னாராமே?